உடைசல் கணக்கு

மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு
நாளொன்றுக்கு முன்னூற்று அறுபது முட்டை.
பன்னிரண்டு அட்டை, ரப்பர் பட்டை,
எழுபத்தொன்பதாம் வருஷத்து யெஸ்டி.
பாலத்தில் எத்தனை இணைப்பு என்று எனக்குத் தெரியாது,
எண்ணத் தொடங்கினால் நடுவில்
ஏதாவது ஒரு படகு வந்துவிடும்.
என் இடுப்புக்குத் தெரியும்.
முட்டைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அத்தனை வருஷ உப்பு
ஃபோர்க் குழாயில் அம்மை போட்டிருந்தது.
விரலை ஓட்டினால் நகம் மாட்டும்.
நகம் மாட்டுகிற இடத்தில் ஆயில் சீல் கிழியும்.
கிழிந்தால் முன்சக்கரம்
ஒற்றைக் கண்ணால் அழுதுகொண்டே வரும்.
உடைசல்: பதினொன்று.

ஒரிஜினல் இருக்கிறது என்பவன்
பொய் சொல்கிறான், அல்லது
முழு வண்டியின் விலை சொல்கிறான்.

முதலில் டில்லிச் சரக்கு.
பெட்டிமேல் பொன்னெழுத்தில் முதல் தரம்.
இரண்டாம் தரம் என்று அச்சடித்த பெட்டியை
இதுவரை நான் பார்த்ததில்லை.
குழாயில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படிப் பளபளப்பு.
ஐப்பசி முழுக்க வாடைக்காற்று.
குரோமியம் கொடுவாச் செதில்போல் உரிந்தது.
பதினேழு.

பிறகு லூதியானா ஸ்பிரிங்.
புதிதாக வந்த போலீஸ்காரர் மாதிரி
எதற்கும் வளைந்து கொடுக்கவில்லை.
இருபத்து மூன்று.
அன்று எங்கள் வீட்டில் ஆம்லெட், பக்கத்து வீட்டில் ஆம்லெட்,
எதிர்வீட்டு லூர்துராஜ் வீட்டிலும்.
"நல்ல ஸ்பிரிங்கப்பா, மாத்திடாதே" என்றார்.

பெர்பெத்துவா நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்கினாள்.
இடப்பக்கம் பார்ட்ஸ், வலப்பக்கம் உடைசல்.
"இந்தக் காசுக்கு ஒரு தட்டு ஆட்டோ..." என்று தொடங்கி
வண்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து,
மீதி வாக்கியத்தை அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

கோவை கணபதியில் தமயந்தி, லேத் பட்டறை.
குரல் மட்டும்தான் பழக்கம்.
விலைக்கு முன்னால் கேட்டது:
வண்டி எங்கே நிற்கிறது?
மண்டபம்.
கடல் எவ்வளவு தூரம்?
காயப்போட்ட சட்டை காய்வதற்குள் உப்புப் பூக்கிற தூரம்.
கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும்.
"அப்போ இந்த லாட் உங்களுக்கு வேண்டாம்.
முலாம் போட்ட பையன் அவசரப்பட்டுட்டான்.
ஊட்டிக்காரர் வாங்கினா ஓடும்.
பங்குனி வரைக்கும் பொறுங்க."

காந்தம் வைத்தும் வெர்னியரால் கவ்வியும்
மூன்று வருஷம் ஏமாந்தவன்.
விற்கிற வாயிலிருந்து 'வேண்டாம்' வந்ததும்
பாதிப் பணத்தை அப்போதே அனுப்பிவிட்டேன்.
பெர்பெத்துவா பேனாவைத் திறந்தபடி கேட்டாள்,
இதை எந்தப் பக்கம் எழுத?

பங்குனியில் வந்தது, கிரீஸ் பூசி, தினத்தாள் சுற்றி.
மினுமினுப்பு கிடையாது, மூட்டம் போட்ட நாளின் கடல் நிறம்.
நகத்தை ஓட்டினேன்.
மறுபடி ஓட்டினேன்.
வெண்கல புஷ்ஷில் செருகிக் கையை விட்டதும்
சாப்பிட்டு முடித்தவர் படியிறங்குவதுபோல்
அதுவாக இறங்கியது.
பெட்டியில் தரம் ஏதும் போட்டிருக்கவில்லை.
சீட்டு ஒன்று இருந்தது:
ஆறு மாசத்தில் துரு வந்தா போட்டோ அனுப்பவும்.
வராட்டியும் அனுப்பவும்.

விடிகாலை, தென்காற்று விலாவில் குத்துகிறது.
முதல் இணைப்பு. பாலம் டக் என்றது,
வண்டி ம் என்றது.
டக். ம்.
கீழே ஒரு விசைப்படகு வந்தது,
நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

பாம்பனில் அட்டைகளைப் பிரித்தால், இரண்டு.
ஒன்று லாரியிலேயே விரிசல் என்று
நாமக்கல்காரர் தலையில் எழுதினேன்.
லூர்துராஜ் தவக்காலம் என்று சொல்லிக்கொண்டார்,
முகம் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்று கடைசி அட்டை, பின்சக்கரத்துக்கு நேர் மேலே.
போன் போட்டேன்.
"பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும்..."
"நீளம் சொல்லுங்க" என்றாள் தமயந்தி.
"கண்ணுக்குக் கண்."
பாலம் இறங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தி
மஞ்சள் கரு ஒட்டிய கையோடு
டேப்பைப் பிடித்துக் குந்தினேன்.